தண்ணீர்க் குழாயில் பச்சை ஒளி

ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த ரேணுகாவுக்கு, ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்கு மஞ்சள் பூசாமல் இருப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஆய்வகத்தில் சேர்ந்த பிறகும் அப்பா செய்ததையே செய்துவந்தார்.

இரத்தத்தில் டெங்குக் கிருமியின் மரபணு இருந்தால், ஆய்வக இயந்திரத்தின் நீல ஒளியில் சோதனைக் குழாய் பச்சையாக ஒளிரும். ஆண்டுக்கணக்கில் உழைத்து அவர் கண்ட இம்முறைக்குக் காப்புரிமை கோர, ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. பூஜைக்கு மறுநாள் அதைச் செய்தபோது, ஒப்பீட்டுக்காக வைத்த வெறும் தண்ணீர்க் குழாயும் ஒளிர்ந்தது.

"இன்னாக்கா, தண்ணிக்கே டெங்கு வந்துகீது!" என்றார் உடன் பணிபுரியும் டில்லிபாபு.

ரேணுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரே ஒளிர்ந்தால் முறையை யார் நம்புவார்? விண்ணப்பம் அவ்வளவுதான். குழாய்களை எடுத்துவிட்டு வெறும் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். அப்போதும் ஒளி. குழாய் நிற்கும் குழியின் விளிம்பில் அவர் பூசிய மஞ்சள் இருந்தது. நீல ஒளியில் மஞ்சளும் பச்சையாகத்தான் ஒளிரும். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுச் சோதனையை முதலிலிருந்து செய்தார். தண்ணீர் இருண்டே கிடந்தது.

விண்ணப்பத்தின் செய்முறையில் ஒரு வரி கூடியது: குழிகளில் மஞ்சள் படிந்திருக்கலாகாது.

"இது எதுக்கு மேடம்?" என்று கேட்டார் காப்புரிமை வழக்கறிஞர்.

"நம்ம ஊர்லதானே சார் இத விக்கப் போறோம்," என்றார் ரேணுகா.