பேத்தியை நெஞ்சில் கட்டிக்கொண்ட ஐப்பசி

எங்கள் ஊரில் ஐப்பசியில் யாரும் மின்விசிறியை நிறுத்துவதில்லை. வெளியே மழை கொட்டினாலும் உள்ளே அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். குளிர் என்பது மார்கழியில் நாலு காலை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சங்கதி. போன வருடம் அது ஐப்பசி பிறந்த மூன்றாம் நாளே வந்துவிட்டது. கடலில் ஏதோ காற்றழுத்தம் என்று செய்தியில் சொன்னார்கள். இரண்டு நாள் தூறல், அதன் பின் வெயிலே இல்லாமல் வடக்கிலிருந்து ஒரே காற்று. சேரன்மகாதேவியில் எங்கள் தெரு முழுவதும் விசிறிகள் நின்றுபோயின. பக்கத்து வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் எங்கள் வீட்டில் கேட்டது.

தெருவுக்கு அது திருவிழாவாக இருந்தது. துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டீக்கடையில் கூட்டம். பேருந்து நடத்துநர் ஒருவர் மனைவியின் பூப்போட்ட சால்வையோடு டிக்கெட் கிழித்தார். இனி ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை என்ற ஒரே வேடிக்கையை எல்லோரும் எல்லோரிடமும் சொன்னார்கள். சிரிக்காத வீடு எங்களுடையது மட்டும்தான்.

என் மகளுக்கு அதற்கு மூன்று வாரம் முன்பு, மாதம் நிறையாமலேயே, அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்திருந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் குழந்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மகள் இந்தப் பக்கம். பால் கொடுக்கிற நேரம் தவிரத் தொட முடியாது. வீட்டுக்கு அனுப்பியபோது எடை ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது கிராம். மருமகன் சரக்குக் கப்பலில் வேலை. எங்கோ நடுக்கடலில் இருந்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாளே குளிர் பிடித்தது. ஊர் நர்சம்மா எடை பார்க்க வந்தார். நிலைப்படிக் கொக்கியில் தராசை மாட்டி, துணித்தொட்டிலில் குழந்தையை வைத்துப் பார்த்தால் முப்பது கிராம் குறைந்திருந்தது.

“குடிக்கிற பால் பூராவும் உடம்பச் சூடாக்கவே செலவாயிருது சார். அடுத்த வியாழக்கிழமை வருவேன். அப்பமும் ஏறலன்னா திரும்ப ஆஸ்பத்திரிதான்” என்றார்.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கண்ணாடி முன் நின்ற நாட்களில் அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிட்டது. பெற்ற பிள்ளை அப்படிப் படுத்திருப்பதைப் பார்த்தபடி ஒரு மனிதனால் சும்மா உட்கார முடியாது. நான் பக்கத்து நகரத்தில் வண்ணார்பேட்டைக்குப் பேருந்து ஏறினேன்.

பழைய மஞ்சள் குண்டு பல்பு ஒன்றை வாங்கித் தொட்டிலுக்கு மேல் தொங்கவிடுவதாகத் திட்டம். இருபத்தெட்டு வருடமாகப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவனுக்கு அதுதான் தோன்றியது. நாலு கடை ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. ஐந்தாவது கடைக்காரர் பரிதாபப்பட்டார்.

“கோழிக்குஞ்சுக்கா அண்ணாச்சி?”

“பேத்திக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

வெறுங்கையோடு நின்று நர்சம்மாவுக்குப் போன் செய்தேன். பல்பும் வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம், பிள்ளைத் தோல் வெந்துபோகும் என்று அதட்டினார். ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்த கங்காரு முறையை மறந்துவிட்டோமா என்று கேட்டார். குழந்தையை வெற்றுடம்போடு நெஞ்சில் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். தாய்தான் நல்லது, ஆனால் மகளுக்குத் தையல் போட்ட இடத்தில் வலி, அவளால் கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. மற்ற நேரத்துக்கு வீட்டில் நோய்நொடி இல்லாத யாரும் சுமக்கலாம்.

என் மனைவிக்குக் கோடையிலும் கை சில்லென்று இருக்கும். நானோ மார்கழியிலும் வியர்க்கிறவன். நான் படுத்து எழுந்த பாய் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது என்று முப்பது வருடமாகத் திட்டு வாங்குகிறேன். அன்று அவளே என் சட்டைப் பித்தானைக் கழற்றி, பழைய வேட்டியால் குழந்தையை என் மார்பில் கட்டிவிட்டாள். முதலில் ஈரத் தவளை ஒட்டிக்கொண்டது போல இருந்தது. பத்து நிமிடத்தில் அந்தப் பாதங்கள் சூடாகின. பேத்தி ஒரு பெருமூச்சு விட்டாள். அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய மூச்சு. வெப்பம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்வதைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். அது இவ்வளவு சந்தோஷமான காரியம் என்று எனக்குத் தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சுத்தம் செய்துகொண்டு தூக்குங்கள் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். சுத்தம் என்றால் எனக்கு ஆறுதான். ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தூக்குவதற்கு முன் தாமிரபரணிக்குப் போய்த் தலை முங்கிவிட்டு வந்தேன். வெந்நீர் போட்டுத் தருகிறேன் என்று மனைவி சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று குளியல். மூன்றாம் நாள் மதியம், பேத்தி நெஞ்சில் உறங்கும்போது, தும்மினேன்.

இரண்டாவது தும்மலுக்குள் மனைவி குழந்தையைப் பிடுங்கியிருந்தாள். இன்றும் வீட்டில் யாராவது தும்மினால் பேத்தி எந்த அறையில் இருக்கிறாள் என்றுதான் பார்க்கிறேன். நர்சம்மா போனில் கேட்டது ஒன்றுதான்.

“கையக் கழுவச் சொன்னா ஆத்துல போயி முங்கிட்டு வந்தீயளா? பாடம் நடத்துத வாத்தியார்தானே நீங்க?”

நான் முன்னறைக்கு நாடு கடத்தப்பட்டேன். வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. மகள் வலியோடு எழுந்து உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பதும், முடியாமல் சாய்வதும் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த ஜன்னல் வழியே தெரிந்தது.

அன்று சாயங்காலம்தான் மருமகனின் அப்பா வந்தார். உவரிப் பக்கம் கடற்கரை ஊர், மீன்பிடிக்கிறவர். மகளும் அவர் மகனும் தாங்களாகவே முடிவு செய்த கல்யாணம். அவருக்குக் கோயில் என்றால் மாதா கோயில், எனக்கு வேறு. கடைசியில் இரண்டு இடத்திலும் நடந்தது, இரண்டு இடத்திலும் நாங்கள் இருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகச் சாப்பிட்டீர்களா என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. வாடைக்காற்று முன்கூட்டியே எழும்பிவிட்டதால் படகுகளை எல்லாம் கரையேற்றிவிட்டார்களாம். மருமகளுக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறா மீனை ஐஸ் வைத்துச் சுற்றிக்கொண்டு மூன்று பேருந்து மாறி வந்திருந்தார்.

மனைவி நடந்ததைச் சொன்னாள். அவர் பின்பக்கக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து சட்டையைக் கழற்றினார். கழுத்துக் கயிற்றில் இருந்த சிலுவை குழந்தையை அழுத்தாதபடி முதுகுப் பக்கம் தள்ளிவிட்டார். மனைவி அதே வேட்டியால் கட்டினாள்.

எனக்குப் பொறாமை பற்றி எரிந்தது. ஜன்னலில் நின்றுகொண்டு, வாத்தியார் குரலில், பீடி பிடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டேன். கல்யாணத்தின்போது அவர் கையில் பார்த்திருக்கிறேன்.

அவர் நிமிரவில்லை. “விட்டு ஆறு மாசமாச்சு சம்மந்தி. இவ வாரான்னு தெரிஞ்ச அன்னைக்கு விட்டேன்” என்றார்.

நான் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மனைவி வழியாக ஒரு லேஞ்சி வந்தது, கைக்குட்டைக்கு அவர்கள் பக்கம் அதுதான் பேர். எனக்கு மூக்கு ஒழுகுவதைப் பார்த்துத் தன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

அவர் சுமக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார். கச்சான் என்கிற மேற்குக் காற்று எப்போது வரும், வாடையில் எந்த மீன் கரை ஒதுங்கும், அவள் அப்பன் சின்னவனாக இருந்தபோது எதற்கெல்லாம் அழுதான் என்பதெல்லாம் பேத்திக்குச் சொல்லப்பட்டது. நானும் ஜன்னலில் நின்று கேட்டேன். இரண்டு நாள் தும்மல் இல்லாமல் கழிந்ததும் நர்சம்மா எனக்கு மன்னிப்பு வழங்கினார். அதன் பின் முறை போட்டுக்கொண்டோம். என் முறை வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் அவர் முன் நிற்பேன்.

“நேரம் முடிஞ்சிட்டு” என்றேன் ஒரு தடவை.

“பிள்ளை உறங்குது வே. எழுப்பவா சொல்லுதீரு?”

நெருங்கிய சிநேகிதரிடம் மட்டும் சொல்கிற அந்த ‘வே’யை அவர் என்னிடம் முதன்முதலாகச் சொன்னார். உள்ளே படுத்திருந்த மகள் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்க வைக்காதீர்கள், வலிக்கிறது என்று கெஞ்சினாள். நாங்கள் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையிலும் குளிர் விடவில்லை. நர்சம்மா தராசை மாட்டினார். நான் வாசலைப் பார்த்து நின்றுகொண்டேன். சம்பந்தி உதட்டுக்குள் ஜெபம் சொல்வது கேட்டது. நர்சம்மா ஒரு முறை பார்த்துவிட்டு, குழந்தையை எடுத்து, முள்ளைச் சரிசெய்து மறுபடியும் வைத்தார்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருவது.”

மகள் கேட்டது ஒன்றுதான். “அப்பம் ஆஸ்பத்திரி?”

“அங்க எதுக்கு? பிள்ளை உங்கிட்டயே இருக்கட்டும்.”

சம்பந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அல்லது நான் அவர் தோளை. மனைவி அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள்.

மகள் பைய எழுந்தாள். குழந்தையைத் தானே நெஞ்சில் வைத்துக் கட்டி, மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக வாசலுக்கு நடந்தாள். தெருவில் இலேசாக வெயில் விழத் தொடங்கியிருந்தது. விழுந்துவிடுவாளோ என்று நானும், காற்று படுமோ என்று அவரும், ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனோம். எதிர்வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

மகள் திரும்பினாள்.

“அப்பா, மாமா, ரெண்டு பேரும் உள்ள போயி சட்டையப் போட்டுட்டு வாங்க. தெருவே பாக்குது.”

நாங்கள் போகவில்லை.