யார் கொடுத்த பென் டிரைவ்?

சின்னவளே, போன வாரம் ஹாஸ்டலிலிருந்து போன் செய்து ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, கம்ப்யூட்டர் வாங்கினா ஆன்டிவைரஸ் கண்டிப்பா போடணும்னு கடைக்காரரு சொல்றாரு. நெஜமாவே அது வேணுமாப்பா?" நான் "அப்புறம் பேசலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "பொண்ணு ஒரு கேள்வி கேட்டதுக்கு மூஞ்சி ஏன் இப்படி மாறுது?" என்றாள். அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

எனக்கு ஆன்டிவைரஸ் என்ற அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்னமும் பற்றிக்கொண்டு வரும். நான் பத்தாவது வரை படித்தவன். கம்ப்யூட்டர் பற்றி உனக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ள நான் கெடுத்தது உன் அக்காவின் படிப்பை. போனில் சொல்ல வராது. எழுதுகிறேன்.

உன் அக்கா பி.சி.ஏ. சேர்ந்தபோது நாம் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் அப்போது தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகப் போய் வரும் வண்டி. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்த ஆள், எல்லாம் முடிந்த பிறகு பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தான். "இது ஆன்டிவைரஸ் சார். இதப் போட்டுட்டா ஒண்ணும் கிட்ட வராது. நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றான். திரையின் மூலையில் பச்சையாக ஒரு சின்னக் கேடயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் தினமும் வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பச்சையாக இருந்தால் எல்லாம் நலம். அப்படித்தான் நினைத்தேன்.

உன் அக்கா இரண்டு மாதத்திலேயே சொன்னாள். "அப்பா, இதுக்குள்ள இருக்கிறது பழைய லிஸ்ட்டு. நெட் இருந்தாதான் புதுசா வர்ற வைரஸ் எல்லாம் இதுக்குத் தெரியும். நம்ம வீட்டுல நெட்டே இல்லியே."

"விக்கிறவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சி?" என்று கேட்டேன்.

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள். பிறகும் ஒருமுறை சொல்லப் போகிறேன்.

கடைசி வருஷத்தில் அவளுக்கு ஒரு புராஜெக்ட். அவள் எடுத்துக்கொண்டது நம் பஸ் ஸ்டாண்டு. எந்த ஊருக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு, வழியில் எங்கெங்கே நிற்கும் என்று கேட்டால் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். நேரமெல்லாம் நான் கொடுத்தது. சாயங்காலம் வந்து பையைக் கழற்றி மாட்டியதும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பாள். "அவலூர்பேட்டை மொத வண்டி? செஞ்சி? அதுக்கு அடுத்தது?" நான் சொல்லச் சொல்லத் தட்டுவாள். இருபது வருஷமாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் திரையில் வரிசையாக நின்றது. அந்த மாதிரி எனக்கு ஒரு மரியாதை அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

புராஜெக்ட்டைக் கொடுக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் உன் அக்கா எழுதி வைத்திருந்த ஃபோல்டர் எதுவும் திறக்கவில்லை. தட்டினால் ஒன்று வருவதுபோல் வந்து மறைந்தது. அவள் பதறவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்கப்பா, ஃபோல்டர்னா பக்கத்துல சைஸ் காட்டாது. இதுக்கெல்லாம் காட்டுது பாருங்க. எல்லாத்துக்கும் ஒரே சைஸ். இது ஃபோல்டர் மாதிரி வேஷம் போட்டிருக்கிற வைரஸ். என்னோட ஃபோல்டர மறைச்சி வச்சிட்டு அதே பேர்ல இது உக்காந்திருக்கு."

மூலையில் பச்சைக் கேடயம் அப்படியே இருந்தது.

நான் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்த அந்தக் கடைக்காரனுக்கு போன் செய்தேன். வந்தான். ஐந்து நிமிஷம் பார்த்தான். எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு அவன் என் பக்கம் திரும்பி, குரலைக் குறைத்து, ஆனால் அவள் காதில் விழும்படியே சொன்னான்.

"வெளி பென் டிரைவ்ல வந்திருக்கு சார். காலேஜ் பசங்க குடுக்கிறதுதான். படம், பாட்டுன்னு என்னென்னவோ இருக்கும் அதுல. பொண்ணுங்க இருக்கிற வீடு, நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்."

நான் அவனைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அந்த அந்நிய மனுஷன் எதிரிலேயே, உன் அக்காவைப் பார்த்துக் கேட்டேன். "யார் குடுத்த பென் டிரைவ்? எவன் குடுத்தான்?"

அவள் முகம் போன போக்கு எனக்கு இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. "என்னோட பென் டிரைவ் காலேஜ் லேபுக்கும் வீட்டுக்கும் தவிர எங்கயும் போவல" என்றாள். பிறகு, "உங்க பாட்டு பென் டிரைவ்வ ஒரு தடவ பாக்கலாமாப்பா?" என்றாள்.

பாட்டு பென் டிரைவ் என்பது எங்கள் வண்டியில் பாட்டுப் போடுவதற்கு நான் வைத்திருந்தது. தனியார் வண்டிக்குப் பாட்டுதான் பாதி கலெக்‌ஷன். பாட்டு பழசாகிவிட்டால் ஜனம் பின்னால் வரும் வண்டிக்கு நிற்கும். அதனால் வாரா வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்துப் புதுப் பாட்டு ஏற்றுவோம். வியாழக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் செருகி, முதலாளிக்குப் பிடிக்காத பாட்டை எடுத்துவிட்டு, காலையில் சாமி பாட்டு முதலில் வரும்படி அடுக்குவேன். அந்த அளவுக்குக் கம்ப்யூட்டர் எனக்குத் தெரியும் என்பதில் கொஞ்சம் பெருமைகூட.

"முருகன் பாட்டுல வருதா உன் வைரஸ்ஸு?" என்று கத்தினேன்.

கடைக்காரன் சிரித்தான். "ஃபார்மட் பண்ணாதான் சார் போகும்" என்றான். அப்படியென்றால் உள்ளே இருப்பது எல்லாவற்றையும் துடைத்துவிடுவது. உன் அக்கா கம்ப்யூட்டருக்குக் குறுக்கே வந்து நின்றாள். "வேணாம்பா. ஃபைல் எல்லாம் உள்ளதான் இருக்கு, மறைஞ்சிருக்கு, அவ்ளோதான். லேப்ல இதே மாதிரி வந்து சார் எடுத்துக் குடுத்தாரு. நாளைக்கு வரைக்கும் விடுங்கப்பா."

"தொழில் பண்றவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சி? தள்ளு. நீங்க பண்ணுங்க சார்."

அவள் பையிலிருந்து பென் டிரைவை நானே எடுத்துக் கொடுத்தேன். அதையும் துடைத்தான். காலேஜில் பழைய காப்பி ஒன்று மட்டும் இருந்தது, அதில் பாதிகூட இல்லை. எல்லாம் முடிந்து மறுபடி ஒரு சி.டி.யைப் போட்டான். மறுபடி அதே பச்சைக் கேடயம்.

"இனிமே இத நான் தொடமாட்டேன்" என்றாள் உன் அக்கா. அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து கீழ்பென்னாத்தூரில் அவள் கூடப் படிக்கும் பெண் வீட்டுக்குப் போய், அங்கே இருந்த கம்ப்யூட்டரில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். என்னிடம் பேசவில்லை. நேரம் கேட்கவும் இல்லை. நான் சாயங்காலம் பையை மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். நான்காம் நாள் பஸ் ஸ்டாண்டில், எங்களுக்குப் பின்னால் கிளம்பும் வண்டியின் கண்டக்டர் வந்து என் தோளைத் தட்டினான்.

"இன்னாண்ணா, உம் பொண்ணு நோட்ட எடுத்துக்கினு வந்து என்கிட்ட டைமு கேக்குது? உன் வண்டி டைமையே என்கிட்டதான் கேட்டுச்சி. வீட்டுல சோறாவது உன் கையால சாப்புடுதா?"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என்ன செய்வது?

அந்த வியாழக்கிழமை வழக்கம்போல் பாட்டு பென் டிரைவைச் செருகினேன். பாட்டை அடுக்கி முடித்துவிட்டு ஏதோ தோன்றி, உன் அக்கா காட்டியபடி கம்ப்யூட்டருக்குள்ளே போய்ப் பார்த்தேன். ஃபோல்டருக்குப் பக்கத்தில் சைஸ். எல்லாவற்றுக்கும் ஒரே சைஸ். துடைத்த நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை அவள் தொடவில்லை. அம்மா தொடமாட்டாள். நீ அப்போது ஆறாவது, உன்னை அந்த அறைக்குள்ளேயே விடமாட்டோம். புதிதாகத் துடைத்து வைத்த வீட்டுக்குள் செருப்புக் காலோடு வந்தவன் நான் ஒருவன்தான்.

பச்சைக் கேடயம் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது.

மறுநாள் பாட்டுக் கடைக்குப் போனேன். அவன் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய பென் டிரைவ். எல்லா வண்டியினுடையதும் அதில்தான் கிடக்கும். கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "எல்லா வண்டி பென் டிரைவ்லயும் இருக்குண்ணா. பஸ்ஸு செட்ட அது ஒண்ணும் பண்ணாது. உனக்குப் பாட்டு பாடுதா இல்லியா, அதச் சொல்லு."

அங்கிருந்து நேராகக் கம்ப்யூட்டர் கடை. "ஒண்ணும் கிட்ட வராதுன்னு சொன்னியே?" என்றேன்.

"அப்டேட் பண்ணாம வச்சிருந்தா நான் என்ன சார் பண்றது? நெட் இல்லன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"நீ கேட்டியா?"

"நீங்க சொல்லணும் சார்."

"எம் பொண்ணப் பத்தி மட்டும் யாரும் கேக்காமலே சொன்ன இல்ல? அது எங்கிருந்து வந்துச்சி உனக்கு?"

அவன் வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டான். அவரிடமும் அந்த சி.டி.யைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். கடையில் நின்று கத்தினேன். என்ன கத்தி என்ன? அவன் பொய் சொன்னான், சரி. அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டு போய்ப் பெற்ற மகள் முகத்தில் அடித்தது யார்? வருஷக்கணக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னவளை விட்டுவிட்டு, ஒரு பச்சைப் புள்ளியை நம்பினவன் யார்?

என் தொழிலில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சுலபமாகப் புரிய வேண்டிய விஷயம்! போன வருஷத்து டிக்கெட் நம்பர் எழுதிய காகிதத்தோடு ஒரு செக்கர் இன்று வண்டியில் ஏறினால் அவனால் யாரைப் பிடிக்க முடியும்? அவன் கையில் புதுக் காகிதம் இருந்தால் உபயோகம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் செக்கர் இருக்கிறான் என்று நான் படிக்கட்டைப் பார்க்காமல் இருக்கலாமா? ஏறுகிறவனைப் பார்க்க வேண்டியது நான். அதைத்தான் தினமும் செய்துகொண்டிருந்தேன், வண்டியில். வீட்டில் செய்யவில்லை.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் பௌர்ணமி. கிரிவலத்துக்குப் போகிற கூட்டம் மத்தியானத்திலேயே வண்டியை அடைத்துவிட்டது. கீழ்பென்னாத்தூரில் இன்னும் முப்பது பேர் ஏறினார்கள். நான் பின் படிக்கட்டில் மாட்டிக்கொண்டேன், நகர முடியவில்லை. முன்னாலிருந்து காசு கைமாறி வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குரல். "திருவண்ணாமலை ஒண்ணு."

எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? எம்பிப் பார்த்தேன். புராஜெக்ட் காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

காசைத் திருப்பி அனுப்பினேன். அது ஐந்தாறு கை தாண்டிப் போயிற்று. "கண்டக்டரு காசு வேணாம்னு சொல்றாரும்மா" என்றார் ஒருவர். மறுபடி அந்தக் காசு அதே கைகள் வழியாக என்னிடமே வந்தது. "அந்தப் பொண்ணு டிக்கெட்டு கண்டிப்பா வேணும்னு சொல்லுது."

இன்னொருவர், "ரெண்டு பேரும் எங்கள நடுவுல வச்சிக்கினு பந்து வெளயாடுறீங்களா?" என்றார். வண்டியே சிரித்தது.

நான் அங்கிருந்தே சொன்னேன். "அது என் பென் டிரைவ்தாம்மா."

"இன்னாது, பேனாவா?" என்றாள் பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மாள்.

முன்னாலிருந்து உன் அக்கா பதில் சொன்னாள், திரும்பாமலே. "சத்தமா சொல்லுங்க கண்டக்டர். இங்க கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். பாட்டை நிறுத்தச் சொல்லி விசில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "வைரஸ் வந்தது என் பாட்டு பென் டிரைவ்ல. யாரும் உனக்குக் குடுக்கல. நான்தான் கொண்டாந்தேன். உன்னக் கேட்டது தப்பு."

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. முன்னாலிருந்து, "அப்ப டிக்கெட்ட அனுப்புங்க" என்று வந்தது. கிழித்து அனுப்பினேன். கை கையாகப் போய்ச் சேர்ந்தது.

புராஜெக்ட்டைக் கொடுத்துவிட்டாள். நேரம் போதாமல் கிராமத்து வண்டிகள் பாதியை விட்டுவிட்டாள், அதற்கு மார்க் கம்மி. அந்தக் குறைந்த மார்க்கினால் அவள் ஆசைப்பட்ட காலேஜில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அதை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. நம் வீட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடவும் இல்லை.

நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் கேட்காதே. கடைக்காரனிடமும் கேட்காதே. அக்காவுக்கு போன் செய். அவள் முதலில் உன்னையே நாலு கேள்வி கேட்பாள். நெட் இருக்கிறதா, அதில் என்ன செய்யப் போகிறாய், வெளியிலிருந்து எதையெதைச் செருகுவாய் என்று. அந்த நாலு கேள்வியை ஒருவன் அன்றைக்கு என்னைக் கேட்டிருக்கலாம். அவனை விடு. கேட்காமலே சொல்ல வந்தவள் வீட்டிலேயே இருந்தாள்.