முப்பத்தெட்டு நட்சத்திரங்கள்

பொய் சொல்லிப் பழகியவன் நான். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், இது பொய் இல்லை. ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில் நடந்தது.

நட்சத்திரங்களின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளப்பது என் வேலை. லட்சம் நட்சத்திரங்கள் பந்துபோல் மொய்த்துக் கிடக்கும் கொத்து ஒன்றை, நீல வடிகட்டி போட்டு ஒரு கண்ணாடித் தகட்டிலும் மஞ்சள் போட்டு இன்னொன்றிலும் படம் பிடித்திருப்பார்கள். இருட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறம். நான் கருவியில் கண்ணை வைத்து எண்ணைச் சொல்வேன். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், பின்னால் உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். தப்பு நேராமல் இருக்க அப்படி ஒரு வழக்கம்.

கொத்தின் நடுவில் முப்பத்தெட்டு நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சலித்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தலைமை ஆய்வாளர் கண்டுபிடித்துவிட்டார். "அத்தான் தப்பா எழுதிட்டாரு" என்றேன். அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. அவருக்கு வேலை போயிற்று. நாலே மாதத்தில் நெஞ்சுவலியில் இறந்துபோனார். வேலையில் கவனமில்லாத மனுஷன் என்று அக்காவுக்கு அவர்மேல்தான் வருத்தம். நான் வாயைத் திறக்கவில்லை. கூனிக் குறுகிச் சொல்கிறேன், திறக்கவே இல்லை.

அதே முப்பத்தெட்டை மறுபடி அளக்கும் வேலை என் தலையிலேயே விழுந்தது. இந்தத் தடவை தனியாக. மதியம் 2:40. கதவைச் சாத்தினேன். பழக்கதோஷத்தில் வாய்விட்டுச் சொன்னேன்.

"ஒண்ணு. நீலம், பதினாறு புள்ளி நாலு."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

மரம்தானே, வெயிலுக்குச் சத்தம் போடும் என்று நினைத்துக்கொண்டேன். 2:52. தாளில் பென்சில் உரசும் சத்தம்... சர்ர்... சர்ர்... நான் நிறுத்தினால் அதுவும் நின்றது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. சீக்கிரம் முடித்துவிட்டு ஓட வேண்டும். 3:17. இருபத்து நாலாவது நட்சத்திரம். வெட்கங்கெட்டு, பார்க்காமலே ஓர் எண்ணை அடித்துவிட்டேன்.

"நீலம், பதினஞ்சு புள்ளி ஒம்பது."

பென்சில் அசையவில்லை.

ஒரு செருமல்...

"பதினாறு புள்ளி ஏழு."

அத்தானின் குரல். என் காதுக்குப் பக்கத்தில்.

கருவியில் கண்ணை வைத்தேன். முள் நின்ற இடம்...

பதினாறு புள்ளி ஏழு.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அக்கா வீட்டில் போய் நின்றேன், எல்லாவற்றையும் கொட்டிவிட. நான் வாயெடுப்பதற்குள் அவள் ஒரு தாளை நீட்டினாள்.

"நல்லவேளை வந்த. ஆஸ்பத்திரியில கடைசி நாள் அவர் நம்பரா சொல்லி எழுதச் சொன்னாரு. இது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

முப்பத்தெட்டு வரிகள். சற்றுமுன் இருட்டறையில் நான் உண்மையாக அளந்த இருபத்து மூன்றும் ஒன்று விடாமல் அதில் இருந்தன. இருபத்து நாலில், பதினாறு புள்ளி ஏழு. அத்தான் அந்தக் கருவியில் ஒருநாளும் கண் வைத்ததில்லை.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியலக்கா" என்றேன்.

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

"இதையும் எழுதுன்னாரு. அப்புறம் பேச்சு இல்ல."

படித்தேன்.

'தெரியலன்னுதான் சொல்லுவான். உன் தம்பிதானே, திட்டாத.'