குளிர் அறையில் ஒரு சொறிமீன் தட்டு

கதவைத் திறந்தாள், எட்டிப் பார்த்தாள், மூடினாள். பிடியை விடுவதற்குள் மறுபடி திறந்தாள்.

“இப்படித் தொறந்து தொறந்து மூடினா உள்ள இருக்கற குளிர் என்னத்துக்கும்மா ஆகும்?” என்றேன்.

“ஒரே நிமிஷம் மாமா. ஒண்ணு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.”

ஒரு வாரமாக அந்த ஒண்ணு அசைந்துகொண்டேதான் இருக்கிறது.

இவள் என் மகளுக்கு நாத்தனார். மீன் காட்சியகத்தில் சொறிமீன் அறை, அதாவது குடை விரித்ததுபோல் நீந்தும் ஜெல்லிமீன்களின் அறை, இவள் பொறுப்பு. குளிர்பதனக் கிடங்கு என்னுடையது. நாலாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டிவிட்டு, தோளில் ஐஸ் பாளம் சுமந்து, இன்று எட்டு அறைகளுக்குச் சொந்தக்காரனாக நிற்கிறேன். கதவில் கை வைத்தே உள்ளே எத்தனை டிகிரி என்று சொல்வேன். மீட்டர் வேண்டுமானால் பிறகு சரிபார்த்துக்கொள்ளட்டும்.

இவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே கையெழுத்துப் போடுவாள். நாற்காலியை இழுத்துப் போட்டால் அதில் கைப்பையை உட்கார வைப்பாள். சொறிமீன் தொட்டி வட்டமாக இருக்கும். தண்ணீர் ஓயாமல் சுழல வேண்டும். “மூலைன்னாலே அதுக்கு ஆகாது மாமா. போய் மாட்டிக்கிச்சுன்னா குடை கிழிஞ்சிடும்” என்பாள். அந்தப் பயம் வீடுவரை வந்துவிட்டது. “கட்டிலை நடு ரூமுக்கு இழுத்துட்டா. சுத்தி வந்துதான் படுக்க வேண்டியிருக்கு” என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் முறையிட்டார்.

அவள் வளர்த்தது சிங்கப் பிடரிபோல் நூல் நூலாகத் தொங்கும் பெரிய இனம். குடை என் இரண்டு கைகளுக்குள் அடங்காது. இரண்டு மாதத்துக்கு முன் அது செத்துப்போனது. “நோய் எல்லாம் இல்ல. ஒரு வருஷம்தான் அதோட ஆயுசு” என்று சொல்லும்போதே தொட்டியைச் சுற்றி மூன்று நடை நடந்தாள்.

ஆனால் அது போட்ட முட்டையிலிருந்து வந்த தூசி போன்ற உயிர்கள் சில நாள் நீந்தி, கண்ணாடித் தட்டுகளில் ஒட்டிக்கொண்டு, கடுகைவிடச் சிறிய பூக்களாகியிருந்தன. பூ வருஷக்கணக்கில் அப்படியே இருக்குமாம். பக்கத்தில் இன்னொரு பூவையும் முளைக்க வைக்குமாம். நல்ல குளிர் பட்டால்தான் அதன் உடம்பில் கோடு கோடாக விழுந்து, தட்டு அடுக்கியதுபோல் ஆகும். மேல் தட்டு கழன்று நீந்தினால் அதுதான் குஞ்சு.

“அப்போ அந்தப் பூ அம்மாவா, பிள்ளையா?”

“அதுக்குப் பிள்ளை, இதுக்கு அம்மா. குழப்பாதீங்க மாமா, நானே கலங்கிப்போய் இருக்கேன்.”

கலக்கத்துக்குக் காரணம் இருந்தது. காட்சியக எலக்ட்ரீஷியன் உதவி செய்கிறேன் என்று இறங்கிவிட்டார். “தட்டெல்லாம் பூசணம் புடிச்சிருந்துச்சுக்கா. நல்லா பிரஷ் போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கேன், பளபளன்னு இருக்கு பாருங்க!” பூக்கள் அத்தனையும் சாக்கடையில் போயின. பம்புக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரே ஒரு தட்டு தப்பியது. அங்கே குளிரூட்டும் இயந்திரமும் படுத்துவிட்டதால், அதைச் சாப்பாட்டு டப்பாவில் கடல் தண்ணீரோடு என் கிடங்குக்குக் கொண்டுவந்தாள். ஐந்து டிகிரி கேட்டாள். ஐந்தே டிகிரி கொடுத்தேன். படித்த இன்ஜினியர் அங்கே கொடுக்காததை நான் கொடுத்தேன்.

காட்சியக மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: “ரெண்டு மாசம் டைம். ஒரு குஞ்சாவது நீந்தணும். இல்லேன்னா அந்த ரூம் பொம்மைக் கடை, நீங்க டிக்கெட் கவுன்ட்டர்.”

“எட்டு மணி நேரம் உக்கார வெச்சே கொன்னுடுவாரு மாமா!”

காலை, மதியம், மாலை என்று வந்துபோனாள். “அக்கா, இதைப் பொரிக்கலாமா, வதக்கலாமா?” என்று மீன் பெட்டி தூக்கும் ஆட்கள் சீண்டுவார்கள். “உன் நாக்கைத்தான் பொரிக்கணும்” என்று திரும்பாமலே பதில் வரும். போன வாரம் பூக்கள் செம்பழுப்பாகி, அவற்றில் கோடு விழுந்தது. அன்றிலிருந்து இந்தக் கதவுக்கு ஓய்வில்லை.

கெடு முடிவது இன்று. பிற்பகலில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். ஒரு பூவின் மேல் தட்டு துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது, பிய்த்துக்கொண்டு கிளம்பியது. எள்ளளவு நட்சத்திரம், அதற்கு எட்டுக் கை. சுருங்கிச் சுருங்கி நீந்தியது.

“வந்துடுச்சு மாமா” என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அலறியது. மேனேஜர். பதறிய விரல் எங்கோ பட்டு ஸ்பீக்கரில் அவர் குரல் வெடித்தது. “என்னாச்சு? இருக்கா இல்லையா? ஹலோ!”

“சொல்லித் தொலையேம்மா, ஜெயிச்சுட்டே!” என்றேன்.

பச்சைப் பிள்ளை தூங்கும் வீட்டில் செய்வதுபோல், அவள் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். கத்திக்கொண்டிருந்த போனைத் துண்டில் சுற்றி, பக்கத்திலிருந்த மீன் பெட்டிக்குள் வைத்து, சத்தம் வராமல் மூடியை அழுத்தினாள்.