நாக்கைத் தூக்கிக் காட்டுகிறவன்

காலை ஏழரைக்கு மூன்று மாத்திரைகளையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, தம்பி என் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து வாயைத் திறக்கிறான். நாக்கைத் தூக்கி, இடமும் வலமும் திருப்பிக் காட்டுகிறான். ஆஸ்பத்திரி வார்டில் பழகியது. "நல்லாப் பாத்துக்க. ஒளிச்சு வைக்க இடமில்ல, பாதிப் பல்லு போயாச்சு" என்பான்.

எலெக்ட்ரீஷியன். வயது நாற்பத்தொன்று. எந்த வீட்டில் வேலை முடித்தாலும் சுவிட்சை மூன்று முறை போட்டு அணைத்த பிறகுதான் கிளம்புவான். சட்டைப்பையில் டெஸ்டரும் புதினா மிட்டாயும் இருக்கும். குடிக்கத் தோன்றினால் மிட்டாய். சுவருக்குள் யாரோ பேசுவதுபோல் கேட்டால், டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். "கரன்ட் இல்ல. அப்ப இது எனக்குள்ள பேசுறதுதான்."

குடி ஒரு நோய், குரல் ஒரு நோய். யார் கேட்டாலும் கூசாமல் சொல்வான்: "ஒண்ணு வீட்டுக்காரன், ஒண்ணு வாடகைக்காரன். எவன் எவன்னு டாக்டருக்கே தெரியல. ஒருத்தன மட்டும் தள்ளுனா, மத்தவன் போய்க் கூட்டிட்டு வந்துருவான். ரெண்டு பேரையும் சேத்துத்தான் காலி பண்ணணும்."

எனக்கு அது அப்போது புரியவில்லை. போன வருடம் அவன் குடியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அரை அங்குலம் பிசகாமல் வெட்டுகிறவள் நான். அவன் விஷயத்திலும் பிசிறு இருக்கக் கூடாதென்று நினைத்தேன். பாட்டிலை விட்டவனுக்கு மாத்திரைப் பழக்கம் எதற்கு? அட்டை அட்டையாகப் பிரித்துக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றேன். அவன் நம்பினான். மூன்றாவது வாரம் சுவர் பேசியது. நான்காவது வாரம், அதன் வாயை அடைக்கக் குடித்தான்.

மறுபடி வார்டில் சேர்த்தபோது டாக்டரம்மா கேட்டார், "மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?" நான் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றேன். அவன் என் பக்கம் திரும்பாமலே, "மறந்துட்டேங்க" என்றான். "நாய் வால நிமுத்த முடியுமா" என்று சித்தப்பா சொன்னபோதும் வாரையே திருகிக்கொண்டிருந்தேன்.

இன்று அவன் மாத்திரையைக் கையில் எடுத்தபோது சொன்னேன். "அடுத்த தடவ டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்டா."

"என்னத்த?"

"நான்தான் கொட்டினேன்னு."

"சொல்லு. இப்ப முழுங்க விடு."

விழுங்கினான். நான் ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டேன். கோத்ததை உருவி மறுபடியும் கோத்தேன். தம்ளரால் மெஷின் பலகையை இரண்டு தட்டுத் தட்டினான். நிமிர்ந்தேன். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கியபடி, நான் பார்ப்பதற்காக நின்றுகொண்டிருந்தான்.