சாம்பிராணி பிடித்த கம்ப்யூட்டர்

நேற்றுக் காலை கையில் ஒரு ரப்பரோடு என் சின்னப் போட்டோக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண ரப்பர். எதிரே பெஞ்சில் அண்ணனின் மகன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவின் முதலாளி. போன வாரம் செத்துப்போனார். கருமாதிக்குப் பெரிய படம் போட வேண்டும் என்று மகன் விழுப்புரம் வரைக்கும் பஸ் ஏறி வந்திருந்தான். அவன் போனில் இருப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் எடுத்தவை, மூக்கில் குழாயோடு. திடமாக இருந்த காலத்துப் படம் என் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஸ்டுடியோவை மூடியபோது அங்கிருந்த படங்களையெல்லாம் நான்தான் இதில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் நேற்று எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நாளாகவே வேலைக்கு நடுவில் பொட்டென்று நின்றுகொண்டிருந்தது. நேற்று பட்டனை அழுத்தினால் நீளமாக ஒரு பீப், அப்புறம் கருப்புத் திரை, அவ்வளவுதான்.

“புதுசு ஒண்ணு வாங்கக் கூடாதாக்கா?” என்றான்.

“உங்கப்பாகிட்ட நானும் இதத்தான் கேட்டுக்கினு இருந்தேன்” என்றேன்.

மூடியைக் கழற்றி, ராம் என்கிற பச்சைப் பட்டையை உருவி, அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்தேன். அந்தப் பற்களில் கறை ஏறினால் மெஷின் கண் திறக்காது. ஸ்டுடியோவுக்கு வரும் மெக்கானிக் செய்வதைப் பார்த்துப் பழகியது. வேறு எந்த வேலையும் கற்காமல் ரப்பர் தேய்ப்பதையே இவ்வளவு காலம் செய்துகொண்டிருக்கிறேனோ என்று எனக்கே அலுப்பாக இருந்தது.

ஸ்டுடியோவில் இருந்த அண்ணனுடைய கம்ப்யூட்டரில் ஏறியது சாதாரணக் கறை இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் கடைக்குச் சாம்பிராணி போடுவார். தேங்காய் ஓட்டு நெருப்பில் தூளைக் கொட்டி, சாமி படம், கேமரா, விளக்குக் குடை என்று எல்லாவற்றுக்கும் காட்டிவிட்டு, கடைசியில் கம்ப்யூட்டரிடம் வருவார். சூடாகிறது என்று அதன் பக்கத் தகடு எப்போதும் கழற்றித்தான் இருக்கும். தூபக்காலை அந்தத் திறப்புக்குள்ளேயே நீட்டிவிடுவார். உள்ளே ஓடுகிற ஃபேன் புகையை நன்றாக இழுத்துக்கொள்ளும். “பாரு, எப்படி வாங்கிக்குது” என்று அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். புகையும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நான் கத்துவேன். அவர் திருப்பிக் கத்துவார். காலை கடை திறப்பதிலிருந்து ஷட்டரை இறக்கும் வரை நாங்கள் அப்படித்தான் இருந்தோம். நல்ல முதலாளி என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். கோபக்காரர், கஞ்சர், யார் பேச்சையும் கேட்காதவர். என்னையும் அங்கே அப்படித்தான் சொல்வார்கள், கஞ்சத்தனத்தைத் தவிர.

என் வேலை முகங்களைத் திருத்துவது. பரு, தழும்பு எடுத்துவிட்டு, கடைசியில் கலர் ஏற்ற வேண்டும். கலர் ஏற்றுவது என்றால் கருப்பு முகத்தை வெளுப்பாக்குவது. யாரும் கேட்க மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம். பாஸ்போர்ட் சைஸ் என்றாலும் கல்யாணப் படம் என்றாலும் ஒரே அளவு வெளுப்பு. என் நிறத்தில் இருக்கிற பெண்களை நாள் முழுக்க வெளுத்துக்கொண்டு இருப்பேன். சம்பளத்துக்குச் செய்கிற வேலை என்பதற்கு மேல் அப்போது அதைப் பற்றி யோசித்ததில்லை. ஆனால் அண்ணன் ஒரு விஷயத்தில் பிடிவாதம். கலர் ஏற்றுவதற்கு முந்தைய படத்தை அழிக்க விட மாட்டார். ‘ஒரிஜினல்’ என்று தனி டிரைவில் மாதவாரியாகக் கிடக்கும். டிஸ்க் நிரம்பி மெஷின் எருமை மாதிரி அசைந்தது. அழிக்கலாம் அண்ணே என்றால், “உன் ஊட்ல வச்சிக்கினா இருக்கேன்? கம்முனு இரு” என்பார். காரணம் எல்லாம் சொல்ல மாட்டார். காலி பிலிம் டப்பாக்களைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷன், இதுவும் அந்தப் புத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓமந்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய மகள் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள். பிளஸ் டூ முடித்து நர்சிங் விண்ணப்பத்துக்காக எங்கள் கடையில் போட்டோ எடுத்த பெண். அவள் பிறந்ததிலிருந்து வீட்டார் எடுத்த ஒரே படம் அதுதான். பிரதிகள் எல்லாம் விண்ணப்பங்களோடு போய்விட்டன. சாயந்திரம் உடலை எடுக்கிறார்கள். பேனருக்கும், பிறகு வீட்டில் மாட்டுவதற்கும் அந்தப் படம் வேண்டும். “வேற இல்லீங்க சாரு. பொதச்சிட்டா அப்புறம் அவ மூஞ்சியே எங்ககிட்ட கிடையாது” என்றார்.

பட்டனை அழுத்தினேன். பீப். மறுபடி அழுத்தினேன். மறுபடி பீப். மெக்கானிக்குக்கு அடித்தால் போனை எடுக்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும், அன்றைக்குத் தெரியாது. ரப்பரைத் தேடி எடுத்து, பட்டையை உருவித் தேய்த்தேன். பழுப்பாகக் கறை வந்தது. மூக்கில் சாம்பிராணி வாடை அடித்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “மோந்து பாருங்க, உங்க பக்திய” என்று பட்டையை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அந்த ஒரு தடவைதான் அண்ணன் திருப்பிக் கத்தாமல், “மாட்டிப் பாரு” என்றார்.

மெஷின் எழுந்தது. பெயரைத் தேடிப் பெண்ணின் படத்தைத் திறந்து, வந்தவரைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினோம். அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது யாருங்க?”

“உம் பொண்ணுதாம்பா. நல்லாப் பாரு.”

“மூக்கு அவளுதுதான். ஆனா எம்பொண்ணு கருப்புங்க. நல்ல கருப்பு. இத எடுத்துக்கினு போனா அவங்கம்மா யாரு ஊட்டுப் புள்ளைன்னு கேப்பா.”

“எல்லாருக்கும் இப்படித்தாம்பா போடறது” என்று அண்ணன் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. புகைப் பிசினில் ஃபேன் சுற்றாமல் உள்ளே கொதித்திருந்தது. அந்த மனிதர் அழவில்லை, சண்டை போடவில்லை. படம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லபடியாகச் செய்து கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அண்ணன் டேபிள் ஃபேனைத் தூக்கினார். பழைய இரும்பு ஃபேன், நல்ல கனம். அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்து, திறந்த பக்கத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “ஜல்தி போடு. ஒரிஜினலுக்குப் போ” என்றார். மெஷின் ஆறியதும் போட்டேன். எழுந்தது. எந்த மாதம் எடுத்தது என்று கேட்டால் பெண்ணின் அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. “மல்லாட்டை புடுங்கற சமயங்க. மண்ணு கையோடதான் கூட்டியாந்தேன்” என்றார். வேர்க்கடலை பிடுங்குகிற அந்த மாதத்தைத் திறந்தேன். எத்தனையோ முகங்கள். நான் வெளுப்பதற்கு முன்னால் இருந்த எங்கள் ஊர் ஜனங்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். நடுவில் அந்தப் பெண். நல்ல கருப்பு. நெற்றியில் வியர்வை பளபளத்தது. சிரிக்காதே என்று அதட்டியதால் சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். அவளுடைய அப்பா திரையைத் தொட்டார். “இதாங்க. இதாங்க எம்பொண்ணு” என்றார். பென் டிரைவில் ஏறுகிற வரைக்கும் அண்ணன் ஃபேனை இறக்கவில்லை. ஏற்றி முடித்ததும் அந்த அப்பாவை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பேனர் அடிக்கிற கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் நன்றாக இருக்கும். மாறவில்லை. திங்கட்கிழமை வந்த முதல் முகத்துக்கு அண்ணன் கலர் ஏற்றச் சொன்னார், நானும் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை தூபக்காலோடு மறுபடி கம்ப்யூட்டரிடம் வந்தார். நான் குறுக்கே நின்றேன். “அன்னிக்கி அது எழுந்ததே இந்தப் புண்ணியத்துலதான். நகரு” என்றார். இந்த மனிதரோடு என்ன பேசுவது? ஆனால் அன்றிலிருந்து ஒரிஜினலை அழிக்கலாம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்டுடியோவை மூடும்போது இடத்தை எடுத்த புதிய ஆட்கள் எல்லாவற்றையும் குப்பை என்றார்கள். நான் விடவில்லை.

இப்போது என் கடைக்குக் கலர் ஏற்றச் சொல்லி யாரும் வருவதில்லை. போன் தானாகவே ஏற்றிவிடுகிறது. செத்தவரின் போனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். “உள்ள ஆயிரம் போட்டோ கீதுக்கா, லாக்குதான் தெரியல” என்கிறார்கள். திறக்க முடிந்தாலும் அதில் ஒன்றுகூட அந்த ஆளின் நிறத்தில் இருப்பதில்லை.

நேற்று மெஷின் மூன்றாவது தேய்ப்பில் எழுந்தது. அண்ணனின் படத்தைத் திறந்தேன். விளக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஸ்டூலில் தானே உட்கார்ந்து என்னை எடுக்கச் சொன்ன படம். வேண்டாத படம்தான், அவர் எதையும் அழிக்காததால் தங்கிவிட்டது. கன்னங்கரேலென்று, நெற்றி நிறைய விபூதியோடு, என்னை நோக்கிக் கையை நீட்டி ஏதோ திட்டிக்கொண்டிருந்தார்.

மகன் எட்டிப் பார்த்தான். “வாயத் தொறந்துக்கினு இருக்காரே. மூடின மாதிரி பண்ணி, கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்கக்கா.”

“வாய மூடிக்கினு உங்கப்பாவ நீ எப்பனா பாத்திருக்கியா?”

சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் நின்றது. “இப்பக்கூடக் கத்தற மாதிரியே இருக்குதுக்கா” என்றான். அப்படியே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

அவன் தெருமுனை திரும்பியதும் கம்ப்யூட்டர் மறுபடி நின்றது. மூடியைக் கழற்றினேன். ரப்பர் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். ரப்பரைச் சொல்கிறேன்.