எட்டு என்று சொன்ன வலி

பாரிஸில் லா சப்பல் மெத்ரோ நிலையப் படிகளில் பாதிவழியில் மரியம் நின்றுவிட்டாள். கைப்பிடியைப் பிடித்தபடி, "இந்தப் படியள் கூடிப்போச்சோ?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என் மனைவி மரியம் மாலி நாட்டுப் பெற்றோருக்குப் புறநகர் சென் தெனியில் பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறாள். கறுப்பினக் குடும்பங்களின் உடல்நலத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் இனவெறி எப்படி அரிக்கிறது என்பதே அவளுடைய ஆய்வு. நான் யாழ்ப்பாணத்தவன். ரூ பெர்தொனே தெருவில் ஒரு கடையில் வேலை. அவள் பேசும் தமிழ் என்னிடமிருந்து பிடித்துக்கொண்டது.

அவளுடைய இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. வழமையாகப் பார்க்கும் மருத்துவர் களைப்பு என்றார். மூச்சுமுட்டல் கூடியபோது யூர்ஜான்ஸுக்கு (அவசரச் சிகிச்சைப் பிரிவு) போனோம்.

வலி பத்தில் எத்தனை என்று தாதி கேட்டார்.

"எட்டு."

"எட்டு என்றால் நீ இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டாய்."

மரியம் என்னைப் பார்த்தாள். இதே வாக்கியத்தைக் கேட்டதாக எத்தனையோ பெண்கள் ஆய்வின்போது அவளிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

எங்களை உள்ளே நடைக்கூடத்தில் விட்டார்கள். எங்களுக்கு முன்பே வந்திருந்த ஒரு கறுப்பினப் பெண் தள்ளுகட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். நேரம் போனது. மரியமின் உதடுகள் சாம்பல் நிறமாகின.

"நீர் ஆர் எண்டு சொல்லப்போறன். சொன்னா உடனை பாப்பினம்," என்றேன்.

மற்றவர்களுக்கு விளங்கக்கூடாதென்று அவளும் தமிழிலேயே சொன்னாள். "வேண்டாம். சொல்லாட்டிலும் பாக்கத்தானே வேணும்."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. நான் எழுந்துபோய் அங்கிருந்த மருத்துவரிடம் சொன்னேன்: இவர் பேராசிரியர், ஆராய்ச்சி செய்வதும் இப்படியான இடங்களைப் பற்றித்தான். அவர் முகம் மாறியது. 'நீ' போய் 'நீங்கள்' வந்தது. ஸ்கேனும் நடந்தது. இரண்டு நுரையீரலிலும் அம்போலி (காலில் உறைந்த இரத்தம் நகர்ந்து போய் நுரையீரல் குழாயை அடைப்பது). "இன்னும் தாமதித்திருந்தால்..." என்று தொடங்கிய மருத்துவர் முடிக்கவில்லை.

மரியமின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது அந்தப் பெண் அங்கேயே கிடந்தார்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் மரியம் மெல்லத் தேறினாள். முதலில் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கேட்டாள். தாதிமார் எவருக்கும் தெரியவில்லை.

"நீங்கள் சொன்னபடியாத்தான் உயிரோடை இருக்கிறன். அதுதான் எனக்குச் செமிக்குதில்லை."



இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது கால் வீங்கி மூச்சும் முட்டினால், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். களைப்பு என்று அனுப்பப் பார்த்தால் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

இப்போது மரியம் படியேறுகிறாள். ஆனால் தன் உடம்பை நம்புவதில்லை. விழித்ததும் கெண்டைக்காலை அமத்திப் பார்க்கிறாள். வருகிற கோடையைப் பற்றிப் பேசினால், "பாப்பம்" என்பதோடு நிறுத்திவிடுகிறாள்.

சென்ற வாரம் எங்கள் மகள் நீலா பள்ளியிலிருந்து வயிற்றுவலியோடு வந்தாள். மருத்துவரிடம் போகக் கிளம்பினோம். வாசலில் மகளை நிறுத்திவிட்டு மரியம் அலுமாரியைத் திறந்தாள்.

"அம்மா, நோகுது," என்றாள் நீலா பிரெஞ்சில்.

"தெரியும். உடனை பாக்கவேணுமெல்லோ," என்றபடி மரியம் அவளுக்கு ஒரு நல்ல சட்டை தேடிக்கொண்டிருந்தாள்.